பைபர் படகில் பழைய பெயரை அழிக்கும் முறை

தமிழகக் கடலோர மாவட்டங்களில் நிலத்தை மட்டுமே நம்பி வாழாத சிறு விவசாயக் குடும்பங்கள் பல உள்ளன. பழவேற்காடு, வேதாரண்யம், முத்துப்பேட்டை போன்ற பகுதிகளில் மழைக்காலத்தில் பயிர் செய்வதும், தண்ணீர் இல்லாத மாதங்களில் காயலிலும் கரையோரக் கடலிலும் வலை போடுவதும் புதிதல்ல. இத்தகைய குடும்பங்கள் புதுப் படகு வாங்குவது அரிது. பிறர் பயன்படுத்திய பைபர் படகையே பெரும்பாலும் விலைக்கு வாங்குகின்றனர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட சுனாமியில் கட்டுமரங்களும் வள்ளங்களும் ஏராளமாக அழிந்தன. அவற்றுக்கு ஈடாக அரசும் தொண்டு நிறுவனங்களும் பைபர் படகுகளை வழங்கின. அன்று வந்த படகுகளில் பல பின்னர் கைமாறியுள்ளன. அவற்றின் பக்கவாட்டில் வழங்கிய நிறுவனத்தின் பெயர், முதல் உரிமையாளரின் பெயர், அடுத்தவர் எழுதிய பெயர், மீன் படம், பூக்கோலம் என ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சுகள் படிந்திருப்பதைக் காணலாம்.

படகை வாங்கியவர் முதலில் செய்ய விரும்புவது பழைய பெயரை அழித்துத் தம் பெயரை எழுதுவதுதான். இது சிறு வேலைபோல் தோன்றும். ஆனால் கைக்குக் கிடைத்த பெயிண்ட் ரிமூவரையோ, கிரைண்டரையோ கொண்டு அவசரமாகச் செய்தால், பெயரோடு படகின் மேல்தோலும் போய்விடும். கடன் வாங்கி வாங்கிய படகின் ஆயுள் இதனால் குறையும். ஆகவே, படகின் தோலுக்குச் சேதமின்றிப் பழைய எழுத்தை நீக்கும் முறையை விவசாயிகள் அறிந்துகொள்வது அவசியம்.

படகுச் சுவரின் அமைப்பு

பைபர் படகு அச்சில் வார்க்கப்படுகிறது. அச்சின் உட்புறத்தில் மெழுகு தடவி, அதன்மேல் வண்ணம் கலந்த பாலியெஸ்டர் ரெசின் ஒரு கோட்டாகப் பூசப்படும். இதற்கு ஜெல்கோட் என்று பெயர். இது இறுகத் தொடங்கியதும், கண்ணாடி இழைப் பாயை விரித்து ரெசினில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். முழுவதும் இறுகியபின் அச்சிலிருந்து எடுத்தால், முதலில் பூசிய ஜெல்கோட் படகின் வெளித்தோலாக அமைந்துவிடும்.

எனவே ஜெல்கோட் பின்னால் அடித்த பெயிண்ட் அல்ல. படகோடு சேர்ந்து பிறந்த தோல் ஆகும். இதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். இரண்டு அஞ்சல் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவே. பல ஆண்டுகள் வெயிலிலும் மணலிலும் உழைத்த படகில் இதிலும் ஒரு பங்கு ஏற்கெனவே தேய்ந்திருக்கும்.

இந்த மெல்லிய தோல்தான் உள்ளேயிருக்கும் கண்ணாடி இழைகளை வெயிலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் காக்கிறது. தோல் போன இடத்தில் இழைகள் வழியே ஈரம் உள்ளே ஊர்ந்து செல்லும். நாளடைவில் ரெசின் வலுவிழக்கும், கொப்புளங்கள் தோன்றும், அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், படகின் எடையும் கூடும். வெயில் பட்ட ரெசின் உதிர்ந்து, இழைகள் முடிபோல் வெளியே தெரியும்.

அரிசி தீட்டும்போது தவிடு போக வேண்டும், மணி உடையக் கூடாது. படகில் பெயர் அழிப்பதும் அத்தகைய வேலையே.

வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

1. பதிவு எண்: 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டப்படி மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். படகில் எழுதியுள்ள பதிவு எண்ணைப் பழைய பெயரோடு சேர்த்து அழித்துவிடக் கூடாது. முதலில் மீன்வளத்துறை அலுவலகத்தில் உரிமை மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். எண்ணை எங்கு, எந்த அளவில் எழுத வேண்டும், படகிற்கு எந்த வண்ணம் அடிக்க வேண்டும் என்பவற்றையும் அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது. பிறர் பெயரும் அழிந்த எண்ணும் உள்ள படகு கடலில் சோதனைக்கு உள்ளாகும்போது, உரியவரே தொல்லைப்பட நேரும்.

2. தட்டிப் பார்த்தல்: ஒரு ரூபாய் நாணயத்தால் படகின் பக்கங்களை ஒரு சாண் இடைவெளியில் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் அடுக்குகள் உறுதியாக உள்ளன. மொத்தென்று ஒலித்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். அவ்விடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, பைபர் வேலை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். அதைச் சரிசெய்யாமல் மேலே பெயர் எழுதுவதில் பயனில்லை. படகு வாங்குவதற்கு முன்பே இச்சோதனையைச் செய்துவிட்டால் விலை பேசவும் உதவும்.

3. எழுத்தின் கீழ் இருப்பது எது?: சில படகுகளில் எழுத்துகளுக்கு அடியில் ஜெல்கோட்டே இருக்கும். சிலவற்றில் படகு முழுவதற்கும் எப்போதோ பெயிண்ட் அடித்து, அதன்மேல் எழுதியிருப்பார்கள். பெயிண்ட் சிறிது உதிர்ந்த ஓரிடத்தை உற்றுப் பார்த்தால், நிறம் நிறமாக அடுக்குகள் தெரியும். முழுப் படகும் பெயிண்ட் அடித்ததாக இருந்தால், எழுத்தை மட்டும் அழித்துப் பயனில்லை. எழுத்தின் மேட்டைத் தேய்த்துச் சமமாக்கி, மறுபடியும் முழுப் பூச்சு கொடுப்பதே முறை.

4. ஸ்டிக்கரா, பெயிண்ட்டா?: எழுத்தின் ஓரத்தை நகத்தால் கிளற வேண்டும். தோல்போல் உரிந்து எழும்பினால் ஸ்டிக்கர். தூளாகவோ செதிளாகவோ உதிர்ந்தால் பெயிண்ட். இரண்டிற்கும் வேலை முறை வேறு.

5. எந்த வகைப் பெயிண்ட்?: வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து எழுத்தின்மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் துடைக்க வேண்டும். துணியில் நிறம் ஏறினாலும், பெயிண்ட் இளகினாலும் அது சாதாரண எனாமல் வகை. சற்றும் இளகாவிட்டால் கெட்டியாக்கும் திரவம் கலந்து அடித்த இரட்டைக் கலவைப் பெயிண்ட்டாக இருக்கலாம். பின்னதற்குத் தின்னர் உதவாது, உப்புத்தாள்தான் வழி.

ஏற்ற காலமும் தேவையான பொருள்களும்

சித்திரை, வைகாசி மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. மழை இராது, படகும் நன்கு உலர்ந்திருக்கும். ஆனால் உச்சி வெயிலில் வேலை செய்யக் கூடாது. படகின் பக்கம் கை வைக்க முடியாதபடி சூடேறியிருந்தால் தின்னர் உடனே ஆவியாகிவிடும். ஜெல்கோட்டும் மென்மையாக இருக்கும். காலை வேளையிலோ, தென்னங்கீற்றுப் பந்தலின் நிழலிலோ செய்வது நலம்.

தேவையான பொருள்கள்: சோப்புத்தூள், நல்ல தண்ணீர், பழைய வெள்ளைத் துணி, டர்பன்டைன், சிறிதளவு தின்னர், உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேல் அல்லது முனை மழுங்கச் சீவிய மூங்கில் பட்டை, 320, 400, 600, 800, 1000 எண் கொண்ட வாட்டர் பேப்பர், கைக்கு அடக்கமான ரப்பர் அல்லது மரக்கட்டை, ரப்பிங் காம்பவுண்ட், மெழுகு பாலிஷ், ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம். வாட்டர் பேப்பரில் எண் கூடக்கூட சொரசொரப்பு குறையும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

முதல் வேலை: கழுவுதல்

படகை முதலில் நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவி, உப்பு, மணல், மீன் எண்ணெய் ஆகியவற்றை நீக்க வேண்டும். மணல் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் ஒவ்வொரு மணலும் ஆழமான கீறலை உண்டாக்கும்.

கழுவி உலர்ந்தபின், டர்பன்டைன் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, அது காய்வதற்குள் மற்றொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமேயன்றி நீங்காது. எண்ணெயும் மெழுகும் நீங்குமுன் உப்புத்தாள் போட்டால், அவை கீறல்களுக்குள் அமுங்கிவிடும். பிறகு எந்தப் பெயிண்டும் அங்கே பிடிக்காது.

ஸ்டிக்கரை உரித்தல்

ஸ்டிக்கரை இளவெயிலில் சற்றுநேரம் காயவிட்டாலோ, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சில நிமிடங்கள் ஒற்றினாலோ அடியிலுள்ள பசை இளகும். ஓர் ஓரத்தைப் பிளாஸ்டிக் ஸ்கேலால் கிளப்பி, படகின் பக்கத்தை ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து, மெதுவாக இழுக்க வேண்டும். நேராக வெளியே பிடுங்கினால் துண்டு துண்டாகக் கிழியும். எஞ்சிய பசையை டர்பன்டைன் துணியால் ஊறவைத்து வழித்து, பின் சோப்பு நீரால் கழுவிவிடலாம். உப்புத்தாள் தேவைப்படாது.

பெயிண்டை எடுத்தல்: மென்மையான வழி முதலில்

எந்த முறையையும் உள்ளங்கை அகல இடத்தில், கண்ணுக்கு அதிகம் தெரியாத பின்பக்கத்தில் சோதித்துப் பார்த்த பிறகே மற்ற இடங்களில் செய்ய வேண்டும். மென்மையான முறையில் தொடங்கி, அது பலிக்காத இடத்தில் மட்டும் அடுத்த முறைக்குச் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கடுமையான முறையைக் கையாண்டால் பின்வாங்க வழியில்லை.

முதற்படி - சுரண்டுதல்: வெயில்பட்டு வெடித்த பழைய எனாமல் பெயிண்ட் பிளாஸ்டிக் ஸ்கேலாலோ, மூங்கில் பட்டையாலோ சாய்வாகத் தள்ளினாலே பெருமளவு உதிர்ந்துவிடும். இரும்புத் தகடும் கத்தியும் வேண்டாம். அவற்றின் முனை ஜெல்கோட்டைக் கீறிவிடும்.

இரண்டாம் படி - தின்னர்: உதிராமல் பிடித்திருக்கும் எனாமலை நீக்கத் தின்னர் நனைத்த துணியை உள்ளங்கை அகல இடத்தில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பெயிண்ட் சுருங்கி இளகியவுடன் பிளாஸ்டிக் ஸ்கேலால் வழித்து, சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் ஒரு நிமிடத்திற்கு மேல் துணியை வைத்திருக்கக் கூடாது. துடைத்த இடத்தில் விரலை வைத்தால் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டினால் ஜெல்கோட்டும் இளகுகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, அடுத்த நாள்வரை காயவிட வேண்டும். துணியில் நிறம் ஏறியதும் புதுத் துணிக்கு மாற வேண்டும். இல்லையேல் சிவப்பும் நீலமும் வெள்ளை ஜெல்கோட்டின் நுண்துளைகளில் இழுகிக் கறையாகிவிடும்.

மூன்றாம் படி - வாட்டர் பேப்பர்: கடைசியில் நிற்கும் பெயிண்டிற்கும், இரட்டைக் கலவைப் பெயிண்டிற்கும் இதுவே ஏற்றது. பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றி, தண்ணீரும் சிறிது சோப்பும் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். விரலால் மட்டும் தேய்த்தால் விரல்படும் இடம் குழியாகிவிடும்.

மெல்லிய பூச்சாக இருந்தால் 600 எண்ணில் தொடங்கிப் பார்க்கலாம். அசையாவிட்டால் 400, அதற்கும் அசையாவிட்டால் 320. ஜெல்கோட்டைக் காக்க வேண்டுமானால் இதைவிடச் சொரசொரப்பான தாளைத் தொடாமலிருப்பதே நல்லது. பத்துப் பதினைந்து தேய்ப்புக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்க்க வேண்டும். பெயிண்டின் நிறம் மறைந்ததும் அவ்விடத்தில் கை நின்றுவிட வேண்டும். ஓரிரு புள்ளிகள் எஞ்சியிருந்தால் அவற்றை மட்டும் சிறு துண்டுத் தாளால் எடுக்கலாம். அவற்றுக்காக முழு இடத்தையும் மேலும் தேய்ப்பது தவறு.

பெயிண்ட் நீங்கியபின் 600, 800, 1000 என்ற வரிசையில் தேய்த்துக் கீறல்களை ஆற்ற வேண்டும். ஒரு தாளை மேலும் கீழுமாகத் தேய்த்தால், அடுத்த தாளைப் பக்கவாட்டில் தேய்க்க வேண்டும். முந்தைய தாளின் கீறல்கள் முழுதும் மறைந்தனவா என்பது அப்போது எளிதில் தெரியும். மறைந்த பின்னரே அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். இறுதியில் ரப்பிங் காம்பவுண்ட் வைத்து, மென்மையான துணியால் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் பளபளப்பு திரும்பும்.

அணியத்தின் வளைவிலும், ஓர விளிம்புகளிலும் மிகுந்த கவனம் தேவை. விளிம்பில் அழுத்தம் குவிவதால் ஜெல்கோட் அங்கேதான் முதலில் போகும். அவ்விடங்களில் கட்டையில்லாமல், மெல்லிய ரப்பர் பட்டையில் தாளைச் சுற்றி இலேசாகத் தேய்க்க வேண்டும்.

கூடவே கூடாதவை

கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவர்: இரும்பிற்கும் மரத்திற்கும் விற்கப்படும் ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான் இருப்பதுண்டு. அது பெயிண்டையும் ஜெல்கோட்டையும் வேறுபடுத்தி அறியாது. சில நிமிடங்களில் ஜெல்கோட் சுருங்கிப் பொங்கிவிடும். மூடிய இடத்தில் அதன் ஆவி உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திற்கு இத்தகைய ரிமூவரை விற்பது 2019ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. கண்ணாடி இழைக்கு ஏற்றது என்று தெளிவாக அச்சிடப்பட்ட ரிமூவரை மட்டுமே, அதன் குறிப்பின்படி பயன்படுத்தலாம்.

காஸ்டிக் சோடா: பழைய கதவு, சன்னல்களின் பெயிண்டைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் எடுப்பது வழக்கம். பைபர் படகுக்கு இது ஆகாது. பாலியெஸ்டர் ரெசினை அது அரித்துவிடும். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

தீயும் சூடும்: ஊது விளக்கைக் காட்டிப் பெயிண்டை எரிப்பது மரப்படகுக்குச் சரி. பைபர் படகில் ரெசின் வெந்நீரின் கொதிநிலைக்குக் கீழேயே வலுவிழக்கத் தொடங்கும். அதற்குமேல் சூடேறினால் கருகித் தீப்பற்றும்.

கிரைண்டரும் கம்பி பிரஷும்: சுழலும் கிரைண்டர் அரை மில்லிமீட்டர் தோலைச் சில விநாடிகளில் கடந்துவிடும். கை சற்று அயர்ந்தாலும் குழி விழும். கம்பி பிரஷின் கீறலில் அழுக்கும் பாசியும் பிடிக்கும்.

அழித்த பின்னும் தெரியும் நிழல் எழுத்து

பெயிண்ட் முழுவதும் போன பிறகும், வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் பழைய எழுத்து நிழல்போல் தெரிவதுண்டு. பலர் பெயிண்ட் மிச்சமிருப்பதாக எண்ணி மேலும் மேலும் தேய்த்து, ஜெல்கோட்டைக் கிழித்துவிடுகின்றனர்.

உண்மையில் அது பெயிண்ட் அல்ல. எழுத்துக்கு அடியில் இருந்த ஜெல்கோட் இத்தனை ஆண்டுகள் வெயில் படாமல் புதிதாக இருக்கிறது. சுற்றியுள்ள ஜெல்கோட் வெயிலில் வெளுத்து மாவு பூத்துள்ளது. இந்த வேறுபாடே எழுத்தாகத் தெரிகிறது. எனவே தேய்க்க வேண்டியது எழுத்தின் இடத்தை அல்ல. சுற்றியுள்ள வெளுத்த இடத்தைத்தான். எழுத்தைச் சுற்றி ஓர் அடி அகலத்திற்கு ரப்பிங் காம்பவுண்டால் நன்கு தேய்த்தால், மேல் படிந்த மாவுத் தோல் நீங்கி நிறம் நெருங்கிவரும். அதற்கும் மசியாவிட்டால் 1000 எண் தாளால் ஈரமாக இலேசாகத் தேய்த்து, மீண்டும் காம்பவுண்ட் வைக்கலாம்.

அதன்பின்னும் சிறிது நிழல் நின்றால் விட்டுவிட வேண்டும். அதே இடத்தில் புதிய பெயரையோ, ஒரு வண்ணப் பட்டையையோ எழுதிவிட்டால் நிழல் மறைந்துவிடும். நிழலைப் போக்குவதற்காகத் தோலை இழப்பது இலாபமல்ல.

தோல் கிழிந்துவிட்டால்

தேய்க்கும்போது ஜெல்கோட்டின் நிறம் மெலிந்து, அடியிலிருந்து பச்சை அல்லது பழுப்பு நிறமோ, பாய்போன்ற இழை வரியோ தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். அதை அப்படியே விட்டுக் கடலுக்குப் போகக் கூடாது.

அவ்விடத்தை நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டொரு நாள் நிழலில் நன்கு உலரவிட வேண்டும். பின் சுற்றிலும் இலேசாகச் சொரசொரப்பாக்கி, ஜெல்கோட் பூச வேண்டும். ஜெல்கோட்டின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் முழுதாக இறுகாமல் பிசுபிசுக்கும். ஆகையால் பழுதுபார்ப்பதற்கென மெழுகு கலந்து விற்கும் ஜெல்கோட்டை வாங்க வேண்டும். அல்லது பூசியபின் மேலே பாலித்தீன் தாளைக் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டி மூடி, இறுகியபின் உரிக்க வேண்டும்.

கெட்டியாக்கும் திரவத்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவில், தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். பொதுவாக இது 100 கிராம் ஜெல்கோட்டிற்கு 1 முதல் 2 கிராம் வரை இருக்கும். கண்ணளவில் ஊற்றினால் பூச்சு இறுகாமலோ, வெடித்தோ போகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கெட்டியாக்கும் திரவத்தையும், கோபால்ட் என்று வழங்கும் வேகமூட்டியையும் எந்தக் காரணத்தைக் கொண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். வேகமூட்டி ஏற்கெனவே கலந்து வரும் ஜெல்கோட்டை வாங்குவதே பாதுகாப்பானது. கெட்டியாக்கும் திரவம் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். உடனே நிறையத் தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். உள்ளங்கையைவிடப் பெரிய இடம் கிழிந்திருந்தால் பைபர் வேலை தெரிந்தவரை அழைப்பது நல்லது.

முழுப் பூச்சு எப்போது?

ஜெல்கோட் எங்கும் மெலிந்திருந்தாலும், முன்னரே பெயிண்ட் அடித்த படகானாலும் முழுப் பூச்சே சிக்கனமானது. இதற்குப் பழைய பெயிண்டை முழுவதும் நீக்க வேண்டியதில்லை. உதிர்வதை மட்டும் நீக்கி, உறுதியாகப் பிடித்திருப்பதை 220 அல்லது 320 எண் தாளால் மங்கலாகும்வரை தேய்த்தால் போதும். எழுத்தின் விளிம்பு கைக்குத் தட்டுப்படாதவாறு சமமாக்க வேண்டும். இல்லையேல் புதுப் பூச்சின் மேலும் பழைய பெயர் மேடாகத் தெரியும். பின்னர் எபாக்சி பிரைமரும், அதன்மேல் படகுப் பெயிண்டும் அடிக்கலாம். பழைய எனாமல் எஞ்சியிருந்தால் கடுமையான தின்னர் கலந்த புதுப் பெயிண்ட் அதைச் சுருக்கிவிடக்கூடும். சிறிய இடத்தில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். இரட்டைக் கலவைப் பாலியூரித்தேன் பெயிண்டை ஸ்பிரே செய்யாமல் பிரஷ் அல்லது ரோலரால் அடிப்பதே நல்லது. அதன் நுண்துளி மூச்சுக்குழாயைப் பாதிக்கும்.

உடல்நலமும் கழிவும்

இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவுக்கு 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எழுத்துப் பெயிண்டுகளில் ஈயம் இருக்கலாம். எனவே உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. ஈரமாகத் தேய்ப்பதே தேய்ப்பவரின் நுரையீரலுக்கும் அருகில் விளையாடும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் கைகால் கழுவி, உடை மாற்றிய பின்னரே சாப்பிட வேண்டும். கண்ணாடி இழை தோலில் அரித்தால் சொறியாமல் குளிர்ந்த நீரால் கழுவ வேண்டும். தின்னர் வைத்திருக்கும் இடத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

படகின் கீழ் தார்ப்பாய் அல்லது உரச் சாக்குகளை விரித்துவிட்டு வேலை செய்தால், சுரண்டிய செதிளும் தேய்த்த குழம்பும் அதில் சேரும். அக்குழம்பை உலர்த்தி, சாக்கில் கட்டி, உள்ளாட்சிக் கழிவு சேகரிப்பில் தனியாகத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். வாய்க்காலிலோ, மீன், இறால் குட்டையிலோ, எருக்குழியிலோ கொட்டக் கூடாது. எருக்குழியில் விழுந்த ஈயம் மக்குவதில்லை; எருவோடு வயலுக்கே போய்ச் சேரும்.

புதிய பெயர் எழுதும்போது

பழைய எழுத்தை அழிக்கப் பட்ட பாடு மறுபடி நேராமலிருக்க, புதிய எழுத்தைச் சற்று யோசித்து எழுதலாம். பெயர், படம் போன்றவற்றை ஸ்டிக்கராக ஒட்டினால் பிற்காலத்தில் வெந்நீரிலேயே உரித்துவிடலாம். வலை உரசும் பக்கங்களில் ஸ்டிக்கர் நிலைக்காது; அங்கு பெயிண்ட்டே நல்லது. எழுதும் இடத்தை டர்பன்டைனால் துடைத்து, எழுத்தின் எல்லைக்குள் மட்டும் 400 எண் தாளால் மங்கலாக்கி எழுதினால் நன்கு பிடிக்கும். பதிவு எண்ணைத் துறை கூறும் முறையில், தொலைவிலிருந்து தெளிவாகத் தெரியும்படி எழுத வேண்டும்.

எழுத்து காய்ந்தபின், எழுத்தில்லாத இடங்களில் மெழுகு பாலிஷ் பூசித் துணியால் தேய்த்துவிட வேண்டும். ஆண்டுக்கு இருமுறை இவ்வாறு மெழுகு பூசினால் ஜெல்கோட் வெளுப்பது தாமதமாகும்.

இரு பக்கத்து எழுத்தையும் முறையாக அழிக்க இரண்டு மூன்று நாள் உழைப்பு ஆகலாம். கிரைண்டரால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பின்னர் தோலுக்காகச் செலவழிப்பதைவிட இது குறைந்த செலவே. வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை உள்ளூர் பெயிண்ட் கடையிலேயே கிடைக்கும். படகு வைத்திருக்கும் விவசாயிகள் மழை தொடங்குவதற்கு முன் இவ்வேலையை முடித்து, உறுதியான படகோடு அடுத்த பருவத்திற்குச் செல்லலாம்.